பாப்பாத்தி படித்த தாள்

திருப்பதியில் நான் வேலை பார்த்த கல்லூரிக்கு மூன்று மாடி, ஏழு பேருந்து, ஊரெங்கும் விளம்பரப் பலகை எல்லாம் இருந்தன. பிள்ளைகள் விளையாட ஓர் இடம் மட்டும் இல்லை. மைதானம் என்று வரைபடத்தில் காட்டியிருந்த இடத்தில் இன்னொரு விடுதியைக் கட்டிவிட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் முளைத்த வியாபாரம் அது. பத்தாவது முடித்த பிள்ளைகளை வாங்கி இரண்டு வருடம் பூட்டிவைத்து, இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்காக அரைத்தெடுத்து அனுப்புவதுதான் தொழில். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒருத்தன் ஹைதராபாத்துக்கோ அமெரிக்காவுக்கோ கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருந்தான். அந்த ஒருத்தனைக் காட்டிக் காட்டியே மிச்சம் இருந்த எல்லாப் பிள்ளைகளையும் எங்கள் கேட்டுக்குள் தள்ளினார்கள்.

நான் அங்கே பிசிக்ஸ் லெக்சரர். பெயர் வெங்கடசாமி. சொந்த ஊர் சித்தூர்ச் சாலையில் இருக்கிற புத்தலப்பட்டு. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, வகுப்பில் இங்கிலீஷ். பதினோரு வருடம் அந்த நிர்வாகத்தின் சோற்றைத் தின்றவன் என்பதால் அதைத் திட்டுகிற உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது என் கதை இல்லை. அந்தக் கல்லூரி மெஸ்ஸில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த பாப்பாத்தியின் கதை.

பாப்பாத்தி நகரிக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரி. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாத வீடு. அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலி வேலை. அரசாங்கத் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தாள், வகுப்பில் முதல் ஆள். ஒன்பதாவதுக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும் என்றதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பதினேழு வயதில் கல்யாணம். கணவன் ரங்கன் கட்டட வேலைக்கு என்று பெங்களூர் போனவன், இரண்டு பொங்கலுக்கு வந்தான், மூன்றாம் பொங்கலுக்கு வரவில்லை. அங்கே அவனுக்கு இன்னொரு குடித்தனம் அமைந்துவிட்டதாக ஊரில் பேச்சு. "போனவன் போய்க்கினே இருக்கட்டும். நான் இன்னாத்துக்கு வாசலப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்கணும்?" என்று சொல்லிவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு திருப்பதி பஸ் ஏறினாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிபன் கடையில் இரண்டு வருடம் மாவாட்டினாள். அப்புறம் எங்கள் மெஸ்.

குள்ளமான உருவம், எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். பெண்கள் பக்கத்து மெஸ்ஸில் அறுநூறு தட்டு. அத்தனை தட்டையும் அவள் கண்ணால் மேய்ந்துவிடுவாள். சோற்றை அளைந்துவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிற பெண்ணின் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைப்பாள். "இன்னாடி, எலி கொறிக்கிற மாதிரி? ஒங்க நைனா பீஸ் கட்டினது படிப்புக்கு மட்டும்னு நெனச்சியா? சோத்துக்கும் சேத்துதான். துன்னு!" என்பாள். பெண்கள் அவளைக் கண்டு பயந்தார்கள். காய்ச்சல் வந்தால் முதலில் அவளைத்தான் தேடினார்கள்.

அந்த மெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. சுவரோரம் ஒரு நீளமான பலகை. ஒவ்வொரு பெண்ணும் வீட்டிலிருந்து கொண்டுவருகிற ஊறுகாய் பாட்டிலை அதில் பெயர் ஒட்டி வைத்துவிட வேண்டும். மெஸ் குழம்பை நம்பிச் சோறு தின்ன முடியாது என்பதால் வந்த ஏற்பாடு. அடுத்தவள் பாட்டிலைத் தொட்டால் அன்றைக்கு அங்கே ரகளைதான். பிசிக்ஸ் நோட்டைக் கடன் கொடுப்பார்கள், ஊறுகாய் பாட்டிலைக் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பலகையைத் துடைத்து, எண்ணெய் குறைந்த பாட்டிலை எல்லாம் பார்த்து வைப்பது பாப்பாத்தியின் வேலை.

இன்னொரு பழக்கம் அவளுடையது. கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் அதில் தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பாள். தெலுங்கு சரளமாகப் பேசுவாள், படிக்க வராது. திருப்பதியில் பொட்டலம் கட்டி வருகிற தாள் முக்கால்வாசி தெலுங்கு. எப்போதாவது ஒரு துண்டுத் தமிழ் கிடைத்தால் அடுப்பை விட்டுத் தள்ளி நின்று அதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் போடுவாள். பாதிச் செய்தி, பழைய ராசிபலன், எதுவானாலும் சரி. எட்டாவதோடு நிறுத்திய படிப்பை அவள் பொட்டலத் தாளில் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். அதே நிர்வாகத்துக்கு வேறொரு ஊரில் இருந்த கல்லூரியில் ஒரு பையன் தன் உயிரைப் போக்கிக்கொண்டான். பத்திரிகைகள் எழுதின. பெற்றோர் கூடினார்கள். அரசாங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: மாணவர்களின் மனநலத்துக்காக ஒவ்வொரு கல்லூரியும் ஒரு திட்டம் நடத்தி அறிக்கை அனுப்ப வேண்டும். நிர்வாகம் உடனே விழித்துக்கொண்டது. பையனுக்காக இல்லை, அறிக்கைக்காக.

திட்டத்துக்கு 'ஆனந்த வாரம்' என்று பெயர் வைத்தார்கள். கேட்டில் பெரிய பேனர். எங்கள் பிரின்சிபால் நாகபூஷணத்தின் முகம் அதில் பாதியை அடைத்துக்கொண்டு சிரித்தது. நடத்திவைக்க நெல்லூரிலிருந்து ஸ்வர்ணலதா மேடம் வந்தார். நிர்வாகத்தின் ஒன்பது கல்லூரிக்கும் அவர் ஒருவரே மனநல ஆலோசகர். அதற்கு முந்தின வருடம் வரை அட்மிஷன் பிரிவில் இருந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பெற்றோரைப் பேசி மடக்குவதில் கெட்டிக்காரர். அந்தத் திறமையைப் பார்த்துப் பதவி மாற்றியிருந்தார்கள்.

திங்கட்கிழமை பலூன் ஊதச் சொன்னார். கவலைகளை எல்லாம் பலூனுக்குள் ஊதி, கட்டி, ஒரே நேரத்தில் உடைக்க வேண்டும். அறுநூறு பலூன் வெடித்ததில் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் செய்தார். பிறகு எல்லோரும் கையைத் தூக்கி மூன்று நிமிடம் சிரிக்க வேண்டும். பிள்ளைகள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். இதில் வீணான நாற்பது நிமிடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வகுப்பு என்று சாயங்காலமே நோட்டீஸ் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கேள்வித்தாள். இருபத்தைந்து கேள்வி, ஐம்பது மார்க். 'நன்றாகத் தூங்குகிறாயா', 'எதிர்காலத்தைப் பற்றி நம்பிக்கை இருக்கிறதா' என்ற மாதிரி. எதிரே நாலு கட்டம், ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் கேள்வித்தாள் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு விடைக்குறிப்பு இல்லாமல் இருக்குமா? திங்கட்கிழமை சாயங்காலமே பிரின்சிபால் எங்களைக் கூப்பிட்டு, எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டம் என்று பட்டியலைக் கொடுத்துவிட்டார். நாங்கள் போய்ப் பிள்ளைகளுக்கு டிக்டேட் செய்தோம். முதல் கேள்விக்கு 'எப்போதும்'. நாலாவதுக்கு 'ஒருபோதும் இல்லை'. பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டார்கள். அதில் அவர்களுக்குப் பழக்கம் அதிகம்.

தாளின் அடியில் ஐந்து கோடு காலியாக விட்டு, 'மனதில் இருப்பதை உன் தாய்மொழியில் எழுதலாம்' என்று அச்சடித்திருந்தது. ஹைதராபாத்தில் உட்கார்ந்து அதை எழுதிய புண்ணியவானுக்குத் தாய்மொழி என்றால் தெலுங்கு. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு லெக்சரர் தாளை வாங்கிப் பார்வையிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். என் வகுப்பில் தொண்ணூற்று மூன்று பெண்கள். மேஜைக்கு எதிரே வரிசை. ஒருத்தி தாளை நீட்டுவாள், நான் மூலையில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு 'நெக்ஸ்ட்' என்பேன், அடுத்தவள் வருவாள். பதினைந்து நிமிடத்தில் தொண்ணூற்று மூன்று மனதையும் பார்வையிட்டு முடித்தேன்.

வியாழக்கிழமை நோட்டீஸ் போர்டில் ரேங்க் பட்டியல் ஒட்டினார்கள். ஆனந்தத்துக்கு ரேங்க்! நான் கேலிக்குச் சொல்லவில்லை. ஐம்பதுக்கு ஐம்பது வாங்கின பதினோரு பேருக்குப் பேனா பரிசு. முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கினவர்களுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கூடுதல் படிப்பு. ஒரு பெண்ணின் அம்மா போன் செய்து, என் மகளுக்கு ஆனந்தத்தில் ஏன் நாற்பத்தொன்றுதான் வந்தது, லெக்சரர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லையா என்று சண்டை போட்டார். ஸ்வர்ணலதா மேடம் கட்டங்களைக் கூட்டி மார்க் போட்டார். அடியில் எழுதியிருந்ததைப் பார்க்க நேரமில்லை, அவருக்கு அடுத்த நாள் கடப்பையில் ஆனந்த வாரம். வியாழக்கிழமை சாயங்காலம் தாள்களை எல்லாம் கட்டி, எங்கள் கல்லூரியில் பழைய விடைத்தாள் எங்கே போகுமோ அங்கே அனுப்பிவிட்டார்கள். மெஸ்ஸுக்கு. பஜ்ஜியில் எண்ணெய் வடிய.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி. மூன்றரைக்குப் பாப்பாத்தி ஒரு கட்டைப் பிரித்து, பெரிய தாம்பாளத்தில் தாளை விரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளின் அடியில் தமிழ். வழக்கம்போல அடுப்பிலிருந்து தள்ளி நின்று படித்தாள்.

அந்தத் தாளை நானும் பிறகு படித்தேன். பொடிப் பொடியான எழுத்து. இப்படி இருந்தது: 'எனக்கு இங்கே இருக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனால் நைனா முகத்தைப் பார்க்க முடியாது. ரெண்டு இடமும் இல்லை. சனிக்கிழமை பரீட்சைக்கு அப்புறம் நான் இருக்க மாட்டேன். இதைப் படித்தால் தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள்.' மேலே பெயர்: கோ. பிரேமலதா, இரண்டாம் வருடம், என் வகுப்பு. டிக் அடித்த இருபத்தைந்தில் ஒன்று தவிர எல்லாம் சரி. ஆனந்தத்தில் நாற்பத்தெட்டு மார்க்.

பாப்பாத்திக்கு உடனே வேறொன்று நினைவுக்கு வந்திருக்கிறது. அன்று காலை டிபன் நேரத்தில் பிரேமலதா தன் ஊறுகாய் பாட்டிலைப் பலகையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்திருந்தாள். பிரிக்காத மாங்காய் ஊறுகாய், மேலே எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது. "அக்கா, இத நீயே வச்சிக்கோ, எனக்கு வேணாம்" என்றிருக்கிறாள். புளித்துப்போனதோ என்னவோ என்று பாப்பாத்தி திறந்து முகர்ந்து பார்த்து வைத்திருந்தாள். புளிக்கவில்லை. எந்தப் பெண்ணும் நல்ல ஊறுகாயைச் சும்மா கொடுத்து அவள் பார்த்ததில்லை.

எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள். மெஸ் ஆட்கள் வகுப்புக் கட்டடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது விதி. வாட்ச்மேன் மறித்தான். "தள்றியா, இல்ல இந்தக் கரண்டியாலயே போடவா?" என்று கேட்டிருக்கிறாள். கரண்டி உண்மையிலேயே கையில் இருந்தது. அவன் விலகி வழிவிட்டான்.

நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் பரீட்சை, திருப்புதல் வகுப்பு. கதவில் மாவு படிந்த புடவையோடு அவள் நின்றாள். மூச்சு வாங்கியது.

"சார், பிரேமலதா எங்க?"

"கிளாஸ் நடக்குது தெரியல? அப்புறம் வா" என்றேன்.

அவள் என்னை ஒரு மனிதனாகவே எண்ணவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே புகுந்து போனாள். நாலாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்த பெண்ணின் கையைப் பிடித்தாள். "எந்திரி பாப்பா. நான் கூப்புட வந்தேன்" என்றாள், மெதுவாக. அவள் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று எனக்குத் தெரியாது. பிரேமலதா அவளையே பார்த்தாள். பிறகு அவள் இடுப்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஐந்து நிமிடத்தில் எல்லோரும் பிரின்சிபால் அறையில் இருந்தோம். பெண்ணை வெளியே ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கதவைத் திறந்தே வைத்தாள் பாப்பாத்தி. பேசும்போதும் ஒரு கண் அந்த நாற்காலியில்தான். எண்ணெய் பட்ட தாளை மேஜையில் வைத்தாள்.

"படிங்க சார்" என்றாள் என்னிடம். படித்தேன். அவள் விரலை வைத்து மூலையைக் காட்டினாள். "இது உங்க கையெழுத்துதான?"

ஆமாம், என்னுடையதுதான். 'என்னைக் கூப்பிடுங்கள்' என்ற வரிக்கு இரண்டு விரல் கீழே, வாலை இழுத்துவிட்ட என் கையெழுத்து.

"தொண்ணூத்தி மூணு தாள். எல்லாத்தையும் படிச்சிக்கினு இருக்க முடியுமா?" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. கையெழுத்துப் போடும்போது தமிழ் எழுத்து கண்ணில் பட்டதா என்று கேட்டால், பட்டது. யாரோ தமிழ்ப் பெண் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

பிரின்சிபாலுக்கு நான் தெலுங்கில் பெயர்த்துச் சொன்னேன். நாகபூஷணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் கேள்வி கேட்டார்: "இந்தத் தாளை மெஸ்ஸுக்கு அனுப்பினது யார்?" இரண்டாவது கேள்வி: "வெளியே யாருக்காவது தெரியுமா?" மூன்றாவது கேள்வி கேட்பார், அந்தப் பெண்ணைப் பற்றி இருக்கும் என்று நான் காத்திருந்தேன். அவர் கடப்பைக்குப் போன் போட்டு ஸ்வர்ணலதா மேடத்தைப் பிடித்தார். மேடம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அப்படி இருக்காதே சார், அந்தப் பெண் நாற்பத்தெட்டு வாங்கியிருக்கிறதே" என்றது எங்களுக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு, நாளைக்குப் பரீட்சை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வருவார்கள், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

"சனிக்கெழமன்னு எழுதிக் கீதே சார், இவரு இன்னா ஞாயித்துக்கெழமைன்றாரு?" என்று பாப்பாத்தி என்னைக் கேட்டாள். பிறகு அவரிடமே தெலுங்கில் திரும்பி, ஏதோ சொன்னாள். அதை நான் இங்கே எழுத முடியாது. எழுதினால் அச்சாகாது. ஆனால் அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சரியான வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பெண்ணை மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள். பஜ்ஜி கருகி, வேறொருத்தி அடுப்பை அணைத்திருந்தாள். ஒரு மணையைப் போட்டு உட்காரவைத்து, மடியில் ஒரு முறம் பூண்டைக் கொடுத்தாள். "உரி. பேசணும்னா பேசு, வேணாம்னா சும்மா உரி. நான் இங்கயேதான் இருப்பேன்" என்றாள். பிரேமலதா உரித்துக்கொண்டே பேசினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வருடமாக அவள் பேசாததை எல்லாம் அந்த ஒரு முறம் பூண்டு உரிபடுவதற்குள் பேசினாள். பாப்பாத்தி அறிவுரை ஒன்றும் சொல்லவில்லையாம். நடுவில் ஒருமுறை நேராகவே கேட்டாளாம், சாகணும்னு தோணுதா என்று. ஆமாம் என்றதும் திட்டவில்லை, அழவில்லை. "சரி, இப்ப எங்கிட்ட சொல்லிட்ட இல்ல, இனிமே அது உன் ஒருத்தி பாரம் இல்ல" என்றாளாம்.

ஆபீஸ் போனைத் தொட நிர்வாகம் விடவில்லை. பாப்பாத்தி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போய், பிரேமலதாவின் ஊரில் ஒரு உரக்கடை நம்பருக்குப் பேசினாள். சத்தியவேடு பக்கத்துக் கிராமம். அப்பா கோவர்த்தனன், நாலு ஏக்கர் நெல் விவசாயி. ஆறரை மணிக்கு மெஸ் வாசலில் வந்து நின்றார். வயலில் இருந்தபடியே வந்திருந்தார், வேட்டி முழங்கால் வரை சேறு. நானும் அங்கே போயிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை.

தாளை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு அவர் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "நாளைக்குப் பரீட்ச இருக்குதே, அது முடிஞ்சி கூட்டிக்கினு போவலாமா?"

அந்த மனிதனை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு வருடமாக மாதாமாதம் கூப்பிட்டு அந்த வார்த்தையை அவர் வாயில் ஊட்டியது நாங்கள்தான். பாப்பாத்திக்கு அந்த நிதானம் எல்லாம் இல்லை.

"பரீட்ச எழுத மொதல்ல புள்ள இருக்கணும் இல்லண்ணா? இங்க பாரு. இது ஒங்க பொண்ணு. இது காயிதம். ரெண்டுல எத நீ வூட்டுக்கு எடுத்துக்கினு போவப் போற?"

கோவர்த்தனன் மகளைப் பார்த்தார். அவள் பூண்டுத் தோலோடு எழுந்து நின்றாள். "நைனா, எனக்கு வரலே நைனா. எவ்ளோ படிச்சாலும் இங்கிலீஷ்ல தலைக்கு ஏறலே. ஊர்ல எல்லார்கிட்டயும் நீ சொல்லிக்கினு இருக்கியே" என்றாள்.

"சொன்னேம்மா" என்றார் அவர். "இன்ஜினியரோட நைனான்னு நாந்தான் சொல்லிக்கினு திரிஞ்சேன். நாளைக்கு டீக்கடையில நின்னு, இல்லன்னு நானே சொல்லிடறேன். அதுல இன்னா போச்சி? நீ வாம்மா." அவர் அழுதார். மெஸ்ஸில் தட்டோடு நின்ற பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். ஆனந்த வாரத்தில் அந்தக் கட்டடத்தில் நடந்த ஒரே உண்மையான காரியம் அதுதான்.

அப்படியே ஊருக்கு அனுப்பிவிடவில்லை பாப்பாத்தி. "ஊருக்குப் போனா எல்லாம் சரியாப் போய்டும்னு நெனைக்காத, மனசுக்குன்னு டாக்டர் கீறாங்க" என்று சொல்லி, அப்போதே அவர்களைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த இளம் டாக்டரம்மா அரை மணி நேரம் அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினார், அப்பாவிடமும் பேசினார். ஆறு மாதம் தொடர்ந்து வரச் சொன்னார். வந்தார்கள்.

இனி எங்கள் கல்லூரியின் வீரத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் ஒரு தெலுங்குப் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் செய்தி வந்தது: ஆனந்த வாரத் திட்டத்தின் மூலம் ஆபத்தில் இருந்த மாணவி சரியான சமயத்தில் கண்டறியப்பட்டார். நாகபூஷணம் படம், ஸ்வர்ணலதா மேடம் படம், பின்னால் பலூன். வருடக் கடைசியில் ஒரு சங்கம் கேடயம் கொடுத்தது. அடுத்த வருட விளம்பரப் பலகையில் அந்தக் கேடயமும் ஏறியது.

பாப்பாத்தியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அனுமதியில்லாமல் வகுப்புக் கட்டடத்தில் நுழைந்தது, எரிகிற அடுப்பை விட்டுப் போனது, மேலதிகாரியை இழிவாகப் பேசியது, மூன்று குற்றம். உத்தரவில் சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. சம்பவத்தைப் பார்த்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். எனக்குக் குடும்பம் இருந்தது, தவணை இருந்தது, இந்த மாதிரி ஆளுக்கு எப்போதும் இருக்கிற காரணங்கள் எல்லாம் இருந்தன. அவள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பிரேமலதா கொடுத்த ஊறுகாய் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

அப்புறம் எட்டு வருடம் கழித்துத்தான் அவளைப் பார்த்தேன். நான் அந்தக் கல்லூரியை விட்டிருந்தேன். கார்வேட்டிநகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, புத்தூர் பஸ் நிலையத்தில் இறங்கினால், தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். முடி நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை. ஒரு பையனிடம், காசு கொடுத்தாயே, தின்னாமல் எங்கே ஓடுகிறாய் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

என்னைத் தெரிந்துகொண்டாள். உட்கார ஸ்டூல் போட்டாள். அதுவே எனக்கு உறுத்தியது. பிரேமலதா நன்றாக இருக்கிறாள் என்றாள். பரீட்சையை எல்லாம் விட்டுவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்து, பிறகு பன்னிரண்டாவதும் டீச்சர் பயிற்சியும் முடித்து, சத்தியவேடு பக்கத்தில் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாளாம். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. கோடையில் மாங்காய் காய்க்கும்போது ஒரு பாட்டில் ஊறுகாயோடு வந்துவிடுவாளாம்.

"நீ மட்டும் அன்னைக்குத் தமிழ் படிக்கத் தெரியாதவளா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். பெரிய மனுஷன் மாதிரி நாலு பாராட்டு வார்த்தை சொல்லிவிட்டுப் பஸ் ஏறலாம் என்று எனக்கு நினைப்பு. "தாய்மொழியில எழுதலாம்னு அந்தத் தாள்ல போட்டிருந்தானே, அந்த ஒரு வரிதான் அவளக் காப்பாத்திச்சி."

பாப்பாத்தி சட்டியில் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அதுக்காவ எழுதல சார் அது. பூண்டு உரிச்சிக்கினு இருக்கச்சே நானே கேட்டேன். ஏம்மா, தெலுங்குக்காரன் காலேஜுல தமிழ்ல எழுதுனியே, எவன் படிப்பான்னு எழுதுனன்னு கேட்டேன். வெங்கடசாமி சாரு தமிழு, அவுருதான் நம்ம கிளாஸ் தாள வாங்குறாரு, மத்தவங்களுக்குத் தெரியாம அவுரு மட்டும் படிப்பாருன்னுதான் எழுதுனேன்னு சொல்லிச்சி."

நான் பஸ் நிற்கிற பக்கம் பார்த்தேன்.

"நீங்க கையெழுத்துப் போடச்சே எதுர்லயே நின்னுக்கினு இருந்துச்சாம். இப்போ தல தூக்கிப் பாப்பாரு, இப்போ பாப்பாருன்னு." பஜ்ஜியை அரித்துத் தாளில் கொட்டினாள். "அதுக்கு உங்க மேல கோவம் இல்ல சார். எனக்குத்தான் இருந்துச்சி. இப்ப எனக்கும் இல்ல. துன்னுங்க, ஆறிப்போவுது."

அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வரிசை, மேஜை, என் பேனா எல்லாம் நினைவுக்கு வருகின்றன. அவள் முகம் மட்டும் வருவதில்லை, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. ஒரு பெண் தாளைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றதும், வரிசை தேங்கியதும் லேசாக நினைவிருக்கிறது. நான் எரிச்சலோடு இன்னொரு தடவை, சத்தமாக, 'நெக்ஸ்ட்' என்றேன். அவள் நகர்ந்து போனாள்.